நேரு வாங்கிக் கொடுத்த ஓட்டு

ஈஸ்ட்ஹாம், லண்டன்
29-12-2024, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தினசரிக் காலண்டர் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. லட்சுமி படத்தின் ஒரு மூலைகூட மடங்கவில்லை. சிவகாசிக்காரர்கள் பார்சல் கட்டினால் கட்டியதுதான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை என்று போட்டிருக்கிறது. இங்கே இந்த மாதத்தில் சூரியன் காலை எட்டு மணிக்கு வந்து, நாலு மணிக்குள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறான். அவனே போன பிறகு ராகு வந்து யாரைப் பிடிப்பான்? ஜோசியரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

"வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதெல்லாம் கடிதமா? வருஷம் முடியப் போகுது, ஒழுங்கா நாலு பக்கம் எழுது" என்று போனில் சத்தம் போட்டீர்கள். எழுதுகிறேன். வேலை, குளிர், வாடகை எல்லாம் போன வருஷம் போலத்தான்; வாடகை மட்டும் கொஞ்சம் கூடுதல். மற்றபடி 2024 எனக்குத் தேர்தலாகவே போய்விட்டது. நம் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட முடியவில்லை, ஆனால் ராத்திரித் தூக்கம் போனது. இந்த ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். பத்து நிமிஷ வேலை, முடித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

"அந்த ஊரில் உனக்கு எப்படிடா ஓட்டு?" என்று கேட்பீர்கள். தலைமையாசிரியராக இருந்த காலம் முழுக்க எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவர் கேட்காமல் இருப்பீர்களா! வருகிறேன். முதலில் நம் ஊர்.

ஏப்ரல் 19 அன்று மை வைத்த விரலைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டீர்கள். அத்தை விரல், பாட்டி விரல், எதிர்வீட்டுக்காரர் விரல் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. என் விரலில் அன்று மஞ்சள்தூள் கறை மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியன் 6ஏ படிவம் கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட ஆள் நேரில் வர வேண்டும், பாஸ்போர்ட்டோடு. பதிலாள் வைத்துப் போடலாம் என்று 2018இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியாகிவிட்டது. அதனால் இந்த முறை சுமார் 1.19 லட்சம் பேர் பெயர் பதிந்திருந்தும் வந்து போட்டது மூவாயிரத்துக்கும் குறைவு. அதிலும் பத்துக்கு ஒன்பது பேர் கேரளத்துக்காரர்கள்.

நானும் வந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள் மாமா. 2009 இடைத்தேர்தலில் ஃபார்முலா கண்டுபிடித்து நாடு பூராவும் பெயர் வாங்கிய திருமங்கலம், நம் விருதுநகர் பாராளுமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்த ஒருவன் ஓட்டுப் போடுவதற்காகத் தன் கைக்காசைச் செலவழித்து விமானம் ஏறி வந்தான் என்று தெரிந்தால் ஊரில் என்னை யார் மதிப்பார்கள்?

ஜூன் 4 கதையைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். நான், ஒரு குண்டூர்க்காரன், ஒரு திருச்சூர்க்காரன், ஒரு சூரத்துக்காரன். அங்கே காலை எட்டு மணிக்கு எண்ண ஆரம்பித்தால் இங்கே விடியற்காலை மூன்றரை. அடுப்பில் டீ, மேஜையில் நாலு லேப்டாப், நாலு பாஷையில் நாலு சேனல். சூரத்துக்காரனுக்குப் பார்க்கத் தொகுதியே இல்லை. அங்கே காங்கிரஸ் வேட்பாளர் மனு தள்ளுபடியாகி, மிச்சம் இருந்தவர்கள் வாபஸ் வாங்கி, பாஜக வேட்பாளர் ஏப்ரலிலேயே போட்டியின்றி எம்.பி. ஆகிவிட்டார். அவன் பார்க்க உட்கார்ந்தது பங்குச் சந்தையை. கருத்துக்கணிப்புகளை நம்பி முதல் நாள்தான் கையில் இருந்ததையெல்லாம் கொட்டியிருந்தான். இங்கே ஐந்து மணி ஆவதற்கு முன்பே ஒரு முனகல் கேட்டது. அன்று மட்டும் சென்செக்ஸ் நாலாயிரம் புள்ளிக்கு மேல் விழுந்தது. அவனுக்குச் சர்க்கரை போட்டு இன்னொரு டீ கொடுத்தோம்.

திருச்சூர்க்காரன் பரம்பரைக் கம்யூனிஸ்ட். கேரளத்தில் பாஜகவுக்கு முதல் மக்களவை இடம் கிடைத்தது எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? சுரேஷ் கோபி முன்னிலை, முன்னிலை என்று ஓடிய ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் நாற்காலி சுவரை நோக்கி நகர்ந்தது. அயோத்தியை வைத்திருக்கும் ஃபைசாபாத்தில் சமாஜ்வாதியின் அவதேஷ் பிரசாத் ஜெயித்தார் என்ற செய்தி வந்த பிறகுதான் திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தான்.

கொடுத்துவைத்தவன் குண்டூர்க்காரன். பாஜக 240இல் நின்றுவிட்டது, 272 வேண்டும், சந்திரபாபு கையில் 16 என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் கூட்டணி தர்மம் என்றான். ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கிடைக்கும்வரை தனக்கு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி என்று நிர்மலா சீதாராமன் அறிவித்த அன்று, நாங்களும் வேறு வழியில்லாமல் நடுத்தட்டை விட்டுக்கொடுத்தோம். இன்றுவரை அதில் கோங்கூரா ஊறுகாய்தான் இருக்கிறது.

அவர்கள் படுக்கப் போன பிறகும் நான் விருதுநகரை விடவில்லை. நீங்களும் விட்டிருக்க மாட்டீர்கள். மாணிக்கம் தாகூரா, கேப்டன் மகனா என்று இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே போனது. ஆபீசில் எக்செல் ஷீட்டுக்குப் பின்னால் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, என்ன கணக்கு இது என்றார். "எங்கள் மாவட்டத்தின் கணக்கு" என்றேன். கடைசியில் 4,379 ஓட்டு வித்தியாசம். தமிழ்நாட்டில் 39க்கு 39 என்று ஊரே வெடி வெடித்தது. வெடி செய்கிற தொகுதியில்தான் கடைசிவரை திரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த முடிவைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டீர்கள். நானூறு கேட்டவருக்கு ஒரு குட்டு, 99 வாங்கியவருக்கு ஒரு ஷொட்டு. 99 வாங்கியவர் லட்டுக் கொடுத்தார், 240 வாங்கியவர் உம்மென்று இருந்தார். பத்து வருஷமாக யாரிடமும் கேட்காமல் செய்தவர்கள் இனி நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுச் செய்ய வேண்டியிருக்கும், எனக்கு அது போதும். தேர்தல் பத்திரங்களை பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்த பிறகு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை உங்களைப் போலவே நானும் இரவெல்லாம் படித்தேன். நமக்கு ஓட்டுக்கு இருநூறு, ஐந்நூறு என்று பேசுகிறோம். மேலே நடக்கும் வியாபாரத்தில் அது சில்லறை.

இப்போது இந்த ஊர். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் முறையான விசாவில் பிரிட்டனில் குடியிருந்தால், பட்டியலில் பெயரைப் பதிந்து பாராளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை. இருபது வருஷம் இங்கே வரி கட்டியிருந்தாலும் பிரான்ஸ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் அது கிடையாது. எனக்கு உண்டு. காரணம் நேரு. குடியரசான பிறகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கும் என்று 1949 ஏப்ரலில் இதே லண்டனில் ஒப்புக்கொண்டார் அல்லவா, அதன் பலன். ரயில் தாமதமானாலும் நேருதான் காரணம் என்று குரூப்பில் எழுதும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சிதான் நானும்.

பிரசாரம் என்றால் ஒலிபெருக்கி, ஜீப், ஆரத்தித் தட்டு எதுவும் கிடையாது. கதவு ஓட்டை வழியாக நோட்டீஸ் விழும். ஒரு சனிக்கிழமை ஒரு பெரியவர் கதவைத் தட்டி, எங்கள் வேட்பாளருக்கு உங்கள் ஆதரவு உண்டா என்று பணிவாகக் கேட்டார். வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்க வைப்பதா என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முறுக்கும் டீயும் கொடுத்தேன். மனிதர் மிரண்டுவிட்டார். ஓட்டுக்காக வாக்காளர் வேட்பாளர் தரப்புக்குத் தின்னக் கொடுப்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். நம் பக்கமும் யாரும் பார்த்ததில்லை.

ஜூலை 4, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு பத்துவரை நடக்கும். பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளிதான் பூத். போலீஸ் இல்லை, நூறு மீட்டர் கோடு இல்லை. ஒரு அம்மாள் நாயோடு வந்திருந்தார். நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போனார். அடையாள அட்டை கேட்டார்கள். நம் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அசோகச் சிங்கத்தை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்கேல் வைத்து என் பெயரைக் கோடு போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனால் ஒரு பென்சில், மாமா! நூலில் கட்டித் தொங்கவிட்ட கட்டைப் பென்சில். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தேர்தலை நிறுத்தியிருப்பீர்கள். ஏழு விநாடி காகிதம் தெரிகிறதா என்று கண்ணாடிக்குள் உற்றுப் பார்க்கும் நாட்டிலிருந்து வந்தவன் நான். ரப்பர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன். வேண்டுமானால் நம் பேனாவைக் கொண்டுபோய்ப் போடலாமாம், தடை இல்லை.

இன்னொன்று. யாரைப் பிடித்திருக்கிறதோ அவர் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும். முப்பது வருஷம் நீங்கள் தப்பான விடைக்குப் போட்ட அதே குறி. உங்களிடம் படித்தவன் கை சும்மா வருமா? பிடிக்காதவருக்குப் போடத்தான் துடித்தது. யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன், அத்தை கேட்டாலும். மை வைக்கவில்லை. குரூப்பில் போடப் படம் இல்லாமல் போய்விட்டது, அதுதான் குறை.

உங்களுக்கு ரிஷி சுனக் தோற்றதில் வருத்தம், தெரியும். 2022 தீபாவளி சமயத்தில் அவர் பிரதமரானபோது இந்தியாவின் மருமகன் என்று தெருவெல்லாம் சொல்லிவந்தீர்கள். அந்த மருமகன் ஆட்சியில்தான் இந்த பிப்ரவரியில் விசாக்காரர்களுக்கான சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 624 பவுண்டிலிருந்து 1,035 ஆனது. ஏப்ரலில் வேலை விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏறியது. மருமகன் என்றால் சீர் வாங்காமல் இருப்பாரா? தேர்தலை அறிவித்த அன்று குடைகூட இல்லாமல் கொட்டும் மழையில் நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்கும் கோபம் போய்விட்டது. அவர் தொகுதியில் தலையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் நின்றார். முடிவு சொல்லும்போது பிரதமரும் குப்பைத்தொட்டியும் ஒரே மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். நம் மேட்டூர் பத்மராஜன் இருநூறு தடவைக்கு மேல் நின்றவர்; அவரை யாராவது மேடையேற்றினார்களா?

மறுநாளே சுனக் வீட்டைக் காலிசெய்தார், ஸ்டார்மர் பிரதமராக உள்ளே நுழைந்தார். டெல்லியில் பங்களாவைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் மேல் நோட்டீஸ் விடுகிற ஊர்க்காரனுக்கு இது ஆச்சரியம்தான். ஆனால் ரொம்பவும் மெச்சாதீர்கள். 34 சதவீதம்கூட வாங்காத அவர் கட்சிக்கு 411 இடம். நமக்கு இந்த ஓட்டுமுறையைக் கற்றுக்கொடுத்த ஊர் அல்லவா! ஓட்டுப் போட வந்தவர்களும் 60 சதவீதம்தான். ஏப்ரல் வெயிலில் நம் ஆட்கள் சுமார் 70 சதவீதம் வந்தார்கள். பக்கத்துத் தொகுதியான ஸ்டிராட்ஃபோர்டில் ஜெயித்த உமா குமரன் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். அன்று ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் யாரிடம் பேசினாலும் அவர் எப்படியோ தூரத்துச் சொந்தமாகிவிட்டார்.

ஓட்டுப் போட்டு ஒரு மாதம் ஆகவில்லை, கலவரம். சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் புலம்பெயர்ந்து வந்தவன் என்று ஒரு பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அதற்குள் ஊர் ஊராகக் கல் வீச்சு, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ. ஆகஸ்ட் 7 அன்று எங்களைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அம்மா மணிக்கொரு தரம் போன் செய்தாள், உங்களுக்கே தெரியும். அன்று மாலை வால்தம்ஸ்டோவில் கலவரக்காரர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்த தெருவில், அவர்களை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். வெள்ளைக்காரர்களும் நிறையப் பேர். கதவைத் தட்டின அந்த முறுக்குப் பெரியவரும் போயிருந்தாராம். பிறகு கடையில் பார்த்தபோது சொன்னார்.

மன்மோகன் சிங் போய்விட்டார். உயிரோடு இருந்தபோது அவரை வைத்துத் தினம் ஒரு நக்கல் ஃபார்வர்டு அனுப்பியவர்கள், வியாழக்கிழமை இரவிலிருந்து கண்ணீர் அஞ்சலி அனுப்புகிறார்கள். நான் 1991க்குப் பிறகு பிறந்தவன். அந்த வருஷம் அவர் போட்ட பட்ஜெட் வந்திராவிட்டால் எங்கள் செட்டில் பாதிப்பேருக்கு பாஸ்போர்ட் எடுக்க வேலையே இருந்திருக்காது. அவரைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

விக்கிரவாண்டியில் விஜய் கூட்டிய கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். இங்கிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிகின்றன, ஓட்டுத் தெரியவில்லை. 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு எப்படியாவது வந்துவிடுவது என்று இருக்கிறேன். ஜனவரி 6 அன்று இறுதிப் பட்டியல் வரும்போது என் பெயர் பழைய பாகத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். 6ஏ படிவத்தை நான் இங்கிருந்தே அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு இது தெரிந்து, பெண் பார்ப்பதையும் அதே பயணத்தில் முடித்துவிடலாம் என்கிறாள். ஒரே டிக்கெட், ஒரே தேர்தல். டெல்லியில் அந்த 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' மசோதாவை டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்தபோது 269க்கு 198 என்றுதான் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு இல்லை. நம் வீட்டில் அம்மா, அத்தை, பாட்டி மூவரும் ஆதரவு. எதிர்ப்பது நானும் நீங்களும். தயவுசெய்து வழக்கம்போல டீக்கடைக்கு வெளிநடப்பு செய்துவிடாதீர்கள். அவையில் இருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கு. நீங்கள் எழுந்து போனால் மூன்றுக்கு ஒன்று, மசோதா நிறைவேறிவிடும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்