கேள்வி-பதில்

வாசகர், குருவிகுளம்.

கேள்வி: ராஜீவ் காந்தி கொலையின் ‘உண்மையான சூத்திரதாரி வேற ஆளு’ என்று எங்கள் ஊர்ப் பெரிசு ஒருவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

பதில்: 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவோடு புகைப்படக்காரர் ஹரிபாபுவும் செத்தார், அவருடைய கேமரா பிழைத்தது. மாலையும் கையுமாக நின்ற மனித வெடிகுண்டு தணுவை உலகுக்குக் காட்டியது அந்த ஃபிலிம்தான். ஆனால் சந்தேகத்துக்கு அரசே தீனி போட்டது. கொலைச் சதியை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, ‘பெரிய சதி’யைத் துப்பறிய 1998-ல் சி.பி.ஐ.யில் தனிக்குழு, 2022-ல் அதற்கு மூடுவிழா! கொலை வழக்கில் கீழ்க்கோர்ட் குற்றவாளிகள் 26 பேருக்கும் தூக்கு என்றது. சுப்ரீம் கோர்ட் 1999-ல் 19 பேரை விடுவித்தது. ஆகவே கேள்வி கேட்பது தப்பேயில்லை. ஆதாரம் கேட்டால் ‘அதைத்தான் மறைச்சிட்டாங்களே’ என்பவரிடம் மட்டும் உஷார். டீ குடித்துவிட்டு, ‘காசு கொடுத்தேன், மறைச்சிட்டாங்க’ என்பார்!