சுவத்துல ஓட்டை போட வந்த தம்பிக்கு

குந்து தம்பி. அந்த மூட்டைய ஏன் மடியில வெச்சிக்கினு கஷ்டப்படுறே, எறக்கி வை. லேப்டாப்பா? அதையும் எறக்கு. இந்த டீக்கடையில யாரும் எடுக்க மாட்டாங்க. அப்படியே எடுத்தாலும், உன் மேனேஜர் அதுல ஒருதரம் கூப்பிட்டாப் போதும், எடுத்தவனே ஓடியாந்து உன் கையில குடுத்துட்டுப் போயிடுவான்.

இப்ப விஷயத்துக்கு வா. புதுச்சேரி டுமாஸ் வீதியில வீடு எடுத்திருக்கே. முன் ரூம்ல வைஃபை பெட்டி இருக்குது, பின் ரூம்ல நீ இருக்கே, நடுவுல சுவரு இருக்குது. சுவத்துல ஓட்டை போட்டு ஒயர் இழுக்கணும். பழைய வீட்டுச் சுவத்துல கை வெக்கிறதுன்னா இந்தப் பாகூர்க் கிழவன்தான் சரின்னு யாரோ அனுப்பி வெச்சிருக்காங்க. அனுப்பினவங்க நல்லா இருக்கட்டும். நாப்பத்தஞ்சு வருஷம் கரணை புடிச்ச கை இது. ஓட்டை போடுறது அரை மணி நேர வேலை. ஆனா ஒரு டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும் நான் பேசுவேன். அதுக்குக் கூலி இல்ல, நீ பயப்படாத.

அது இன்னா சுவருன்னு நெனைச்சே? உங்க பெங்களூர் ஃபிளாட்டுச் சுவரா, இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் நூறு வயசுன்றதுக்கு? செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சி ஒரு முழத்துக்குக் கொறையாமக் கட்டினது. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறின தண்ணிய ஊத்தி, கலவைய நாள்கணக்குல புளிக்க வெச்சி, அரைச்சி, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேத்து, முகம் தெரியிற மாதிரி தேய்ச்சி எடுப்போம். வெயிலு, புயலு, பக்கத்து வீட்டுச் சண்டை எதையும் உள்ள விடக் கூடாதுன்னு கட்டின சுவரு. அது உன் வைஃபையவும் தடுத்துடுச்சின்னா, சுவத்து மேல இன்னா தப்பு? அது அது வேலையப் பாக்குது. லாகின் பண்ணாமலே பாக்குது.

வீட்டுக்காரர் இன்னா சொல்லி வாடகை வாங்கினாரு? முன்னூறு வருஷத்து வீடுன்னாரா? நெனைச்சேன். 1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் புடிச்சி, கோட்டையோட சேத்து வெள்ளைக்காரன் பகுதியத் தரைமட்டமாக்கிட்டான். 1765ல பிரெஞ்சுக்காரனுக்கு ஊரு திரும்பக் கெடைச்சப்புறம்தான் மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க. அதனால எவன் முன்னூறு வருஷம்னு சொன்னாலும், நாப்பது வருஷத்தக் கழிச்சிக்கோ. வாடகையிலயும் அதே கணக்குல கழிக்கச் சொல்லிக் கேட்டுப் பாரு. கழிக்க மாட்டாரு. கேக்குறதுக்குக் காசா பணமா.

கம்பெனி அமெரிக்காவுல, மேனேஜர் ஐதராபாத்துல, நீ இங்க. எங்கேர்ந்து வேணா வேலை பாக்கலாம்னு சொல்லிட்டானாமே. நீயும் இந்தத் தெருவுல குந்திக்கினு தூர தேசத்துக் கம்பெனிக்கு வேலை பாக்குற மொத ஆளு மாதிரி மீசைய முறுக்குறே. அடப் போப்பா. இந்த ஊரையே அதுக்குத்தான் கட்டினாங்க. 1674ல ஃபிரான்சுவா மர்த்தேன்னு ஒருத்தரு வந்து எறங்கினாரு பாரு, அன்னையிலேர்ந்து இங்க இருந்த வெள்ளைக்காரன் எல்லாம் உன்ன மாதிரிதான். மொதலாளி பாரீசுல, வேலை சோழமண்டலக் கரையில. ஒரு கேள்வி எழுதிக் கப்பல்ல போட்டா பதில் வர்றதுக்கு வருஷத்துக்கு மேல ஆவும். அதுக்குள்ள கேட்டவன் செத்துப் போயிருப்பான், இல்லன்னா பதில் தேவைப்படாமப் போயிருக்கும். உனக்கு ஒரு நாளைக்கு ஏழு மீட்டிங். யாரு குடுத்து வெச்சவன்னு நீயே சொல்லு.

கடற்கரைச் சாலையில தெக்கால கோடிக்குப் போனா துய்ப்ளே செலை நிக்கும். போறப்ப ஒருதரம் அதும் மொகத்தப் பாரு. 1742லேர்ந்து 1754 வரைக்கும் இங்க கவர்னரு. ஆற்காட்டுல யாரு நவாப்பு, ஐதராபாத்துல யாரு நிஜாம்னு தீர்மானிக்கிற அளவுக்குக் கை நீண்ட ஆளு. கம்பெனிக்காகத் தன் கைக்காச அள்ளி அள்ளி எறைச்சாரு. கடைசியில இன்னா ஆச்சி? பாரீசுல இருந்தவங்களுக்குச் சண்டைச் செலவு புடிக்கல. பதிலுக்கு ஒரு ஆளக் கப்பலேத்தி அனுப்பி, இவரை வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. ஊருக்குப் போயி, போட்ட காசக் குடுன்னு கம்பெனி மேல வழக்கு போட்டு அலைஞ்சி, கை வறண்டு 1763ல செத்தாரு. நீ போன மாசம் சுத்துற நாற்காலியும் ரெண்டாவது டிவி மாதிரி ஒண்ணும் உன் காசுல வாங்கினியாமே? பில்லு போட்டியா? போடு தம்பி, இன்னைக்கே போடு. துய்ப்ளேவுக்கே வராத காசு.

அவருகிட்ட துபாஷியா, மொழி மாத்திச் சொல்றவரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைதான் விவரமான ஆளு. 1736லேர்ந்து 1761ல கண்ண மூடுற வரைக்கும் இருபத்தஞ்சு வருஷம், எந்தக் கப்பல் வந்துது, யாரு யாரைப் பத்தி இன்னா பேசினாங்க, கவர்னரு காலையில எந்த மூஞ்சியோட எழுந்தாருன்னு எல்லாத்தையும் தமிழ்ல எழுதி வெச்சாரு. உன்கிட்ட சாயங்காலம் ‘இன்னைக்கு இன்னா செஞ்சே’ன்னு கேட்டு ரெண்டு வரி எழுதச் சொல்றாங்களே, அதுக்கே நீ அழுவுறே. ஆனா நான் சொல்ல வந்தது டைரி இல்ல, வீடு. வேலை வெள்ளைக்காரன்கிட்ட. வீடு? வெள்ளைக்காரன் பகுதியையும் நம்ம ஆளுங்க பகுதியையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கால. இன்னைக்கும் இருக்குது போயிப் பாரு, கீழ நம்ம ஊரு மரத்தூணு, மேல பிரெஞ்சுத் தூணு. கடல் பக்கத்துல நல்ல காத்து வருமேன்னு அவரு டுமாஸ் வீதிக்குக் குடி போவல.

அது ஏன்னு உனக்குப் புரியணும்னா எங்க ஊரு வீடு கட்டுறவன்கிட்ட கேளு. வாய்க்காலுக்குக் கிழக்கால வீடுங்க எப்படி இருக்குது? தெருவுக்கு மதிலைக் காட்டிக்கினு நிக்குது. உள்ள தோட்டம், வெளிய கேட்டு. உள்ள இருக்கிறவன் யாருன்னு பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. மேற்கால வைசியாள் வீதிப் பக்கம் போ. தெருவுக்கு மொதல்ல திண்ணை, அப்புறம்தான் கதவு. போறவன் வர்றவன் குந்தலாம். உள்ள போனா தாழ்வாரம், முத்தம், வெளிச்சம். நீ மூணு மாசமா இருக்கே. உனக்குத் தெரிஞ்ச மூணு பேரு பேரைச் சொல்லு பாப்போம். காப்பிக் கடைப் பையன் பேரா? அவன் சட்டையில எழுதி இருக்குது, அது கணக்குல சேராது.

நான் சும்மா சொல்லல. உன் தெருவுல நான் பூசின சுவத்துகிட்ட ஒரு பொண்ணு நின்னு ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துக்கிச்சி. நான் சட்டி பானையோட ஓரமா நின்னேன். ‘தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல வர்றீங்க’ன்னுச்சி. தள்ளிக்கினேன். சுவரு மட்டும் வந்துச்சி. நல்லாத்தான் வந்திருக்கும், பூச்சு நம்ம பூச்சு ஆச்சே.

பாரதியார் இருந்ததும் மேற்காலதான், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில. 1908ல மெட்ராஸ்லேர்ந்து தப்பிச்சி வந்தாரு. ‘இந்தியா’ பத்திரிகைய இங்க அச்சடிச்சி அங்க அனுப்பினாரு. எழுதறது இங்க, படிக்கிறவன் அங்க. உன் வேலைதான், ஆனா சம்பளம் மட்டும் வராது. அவருக்கும் மேலேர்ந்து கண்காணிப்பு உண்டு. வாசல்ல ஒற்றன் நிப்பான். உனக்கு மவுசு அசையுதான்னு பாக்குறானே, அந்த மாதிரி. பத்திரிகைய பிரிட்டிஷ் எல்லைக்குள்ள விடக் கூடாதுன்னு தடை போட்டதும் 1910ல அது நின்னே போச்சி. உன் வைஃபை மாதிரியேதான், சுவத்துல தடுத்துட்டாங்க. 1918ல ஊருக்குப் போவலாம்னு எல்லையத் தாண்டினாரு, கடலூர்கிட்டயே புடிச்சிட்டாங்க. எங்க பாகூர் பக்கமெல்லாம் எல்லை அப்படித்தான் குறுக்க வரும் தம்பி. இங்கயும் அங்கயுமா சிதறிக் கெடக்குற ஊரு. நடுவுல நடுவுல தமிழ்நாடு வரும், போவும். பஸ்ஸுல கண் அசந்தா எந்த அரசாங்கத்துல முழிக்கிறோம்னே தெரியாது. பாட்டில் கடை போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும்.

பாட்டில்னதும் நிமிர்ந்து உக்கார்றே. அந்தப் பேச்சு வேணாம். வெலை கம்மின்னு வாங்குறவன் கடைசியில அதிகமாத்தான் செலவு பண்றான். நான் பாத்தது போதும்.

வேலை நேரத்துக்கு வா. மத்தியானம் ஒரு மணிக்கு இந்த ஊருல பாதிக் கடை கதவச் சாத்திடும், நாலு மணிக்குத்தான் தெறக்கும். நீ வந்த புதுசுல நேரு வீதியில ரெண்டு மணிக்கு சார்ஜர் ஒயர் வாங்க அலைஞ்சி, சோம்பேறி ஊருன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னியாம். காத்துல வந்துச்சி. பிரெஞ்சுக்காரன் வெச்சிட்டுப் போன பழக்கம்ன்றாங்க. சித்திரை வெயில்ல இந்தக் கரையில ஒரு நாள் சாரத்துல நின்னு பாத்தா, அதை யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்னு தெரியும். உன் அமெரிக்காக்காரன் முழிக்கறது இங்க பொழுது சாய்ஞ்சப்புறம்தானே? அப்ப ஏன் மத்தியானமும் முழிச்சிக்கினு, ராத்திரியும் முழிச்சிக்கினு ஆந்தை மாதிரி இருக்கே? ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் படு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போ. அப்பதான் வண்டிய நிறுத்திடுவாங்க, காலையில ஏழரை வரைக்கும் ஒரு வண்டி வராது. செஞ்சியிலேர்ந்து கொண்ணாந்த கல்தூணுக்கு நடுவுல காந்தி நடந்துக்கினே இருப்பாரு. நீயும் நட. மடியில பெட்டி வேணாம்.

கடல் பாக்க வந்தேன்னு சொன்னே, ஆனா மணல எங்கன்னு கேக்கவே இல்ல. நான் சின்னப் பையனா இருக்கச்சொல்லோ இந்தச் சாலைக்கு முன்னால மணல் இருந்துச்சி. எம்பதுகள்ல தெக்கால துறைமுகத்துக்குக் கல்லு கொட்டினாங்க. இந்தக் கரையில மணல் தெக்கேர்ந்து வடக்கே நடக்கும். அதும் வழிய மறிச்சதும் இங்க வர்றது நின்னு போச்சி, கடல் உள்ள வந்துச்சி, பாறைய உருட்டிப் போட்டாங்க. ரொம்ப வருஷம் பாறைதான். இப்ப கடலுக்குள்ள தடுப்பு ஒண்ணு வெச்சப்புறம் ஒரு பக்கம் கொஞ்சம் மணல் சேந்திருக்குது. அதுலதான் நீ செருப்பக் கழட்டிட்டு போட்டோ எடுத்தே.

மழை இருக்குது பாரு, அதைப் பத்தி யாரும் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில முக்கியமான வேலை எதுவும் ஒத்துக்காத. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் அடிச்சப்ப, கரண்ட்டுக்கு நாங்க எத்தனை நாள் காத்துக்கினு இருந்தோம்னு எண்ணுறதையே விட்டுட்டோம். 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சி, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சி. மேரி கட்டடம் தெரியுமா, கடற்கரைச் சாலையில வெள்ளையா நிக்குமே? 1870 வாக்குல கட்டினது. 2014 நவம்பர் மழையில உக்காந்துடுச்சி. இப்ப நீ பாக்குறது அதே மாதிரி மறுபடி காங்கிரீட்டுல கட்டி 2021ல தெறந்தது. நான் அந்தப் பக்கம் போவையில அதைத் தட்டிப் பாப்பேன். சத்தம் வேற.

அதனாலதான் உன் சுவத்தப் பத்திக் கேக்குறேன். பின் ரூம்ல கீழ ரெண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பிக்கினு, தொட்டா மாவாக் கொட்டுதா இல்லையா? கொட்டும். காத்துல உப்பு, தரையில உப்பு, கெணத்துத் தண்ணியிலயும் உப்பு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை உள்ள இழுக்கும், வெளிய விடும். மூச்சு விடுற சுவரு. போட்டோவுல நல்லாத் தெரியணும்னு அது மேல பிளாஸ்டிக் பெயின்ட மஞ்சளா அடிச்சிட்டாங்க. மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி. உள்ள நின்ன உப்பு காய்ஞ்சி, பூச்சத் தள்ளிக்கினு வருது. உன் லேப்டாப்பு ஓட்டையில பச்சையாப் புடிச்சிருக்குதே, அதுவும் அதே உப்புக் காத்துதான். அந்தச் சுவத்துல மெஷின் வெச்சி ஓட்டை போட்டா, ஒயர் போவுதோ இல்லையோ, பூச்சு பாளம் பாளமா உன் தலையில வரும். கட்டில் வேற அதுக்குக் கீழதான் போட்டிருக்கே.

ஓட்டை நான் போட மாட்டேன். வைஃபை பெட்டி எங்க இருக்குதோ அங்க நீ போயி குந்து, இல்லன்னா நெலைவாசலுக்கு மேல சந்து இருக்கும், அதுல ஒயரை விடு. அதுக்குக் கொத்தனார் வேணாம். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லு. மஞ்சப் பெயின்ட் பூராவும் சொரண்டணும், உப்பு எறங்க ஆறப் போடணும், அப்புறம் சுண்ணாம்பு. பத்து நாள் வேலை. நானும் ஒரு சித்தாளும். நேர்லதான் வருவோம், வீட்லேர்ந்து பாக்குற வேலை இல்ல இது. மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் உன் கட்டில்ல நான் படுப்பேன். டீ ரெண்டு வேளை உன் கணக்கு, இப்ப குடிச்சத சேக்காம.