தகடூர் பதிப்பு 1.0

மென்பொருள் ஆட்களிடம் 'கோட் ரிவியூ' என்றொரு சடங்கு உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து, நோகாமல் மானத்தை வாங்குவது. அதைத் தொடங்கிவைத்தது அமெரிக்கா அல்ல, எங்கள் தருமபுரி. அப்போது ஊருக்குத் தகடூர் என்று பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் பெருமை பிடிபடாமல் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டினான். மாலை, மயில்தோகை, நெய்ப்பூச்சு என்று எல்லாம் பளபளத்தன. ஔவை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உன் கோட் இன்னும் ஒருநாள்கூட ஓடவில்லை, எங்களுடையது ஓடி ஓடித் தேய்ந்தது என்று அதற்குப் பொருள்.

பழைய இயங்குதளங்களைத் திறந்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பேரா, எவன்யா வெச்சான்?" என்று கொதிக்கும் பையன்கள் எல்லாரும் தொண்டைமான் கட்சி. பெயர் வைத்தவன் மடையன் இல்லை, வைத்த அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே இருந்த சரக்கு மாறியது, அந்தப் பெயரை நம்பிப் பிழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

சேரனைப் பாருங்கள். தகடூரை அடித்து வீழ்த்திய குஷியில் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். பின்னால் ஊர் தருமபுரி ஆகிவிட்டது. பட்டத்தில் மட்டும் பழைய முகவரி அப்படியே நிற்கிறது. சி மொழிக்காரர்கள் இதைத்தான் 'டாங்லிங் பாயிண்டர்' என்று சொல்லி அழுகிறார்கள்.

அடுத்த கூத்து பாராமகால், எங்கள் பக்கத்தின் பழைய பெயர். பன்னிரண்டு மகால் என்று பெயர். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால், ஆளுக்கொரு கோட்டைப் பட்டியலை நீட்டுவார்கள், ஒன்றோடு ஒன்று ஒத்துவராது. 1792-ல் திப்பு சுல்தான் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பகுதியைக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ வந்தார். வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள், வரியை ஒவ்வொரு காசாக எண்ணினார்கள். பெயரில் இருந்த பன்னிரண்டை மட்டும் தொடவில்லை. ஆவணக் கட்டுகளின் தலையில் 'பாராமகால்' என்றே எழுதி, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். விவரமானவர்கள்.

இதே விவரம் மைக்ரோசாஃப்டுக்கும் இருந்தது. 32 பிட் காலத்தில் விண்டோஸின் உயிர்நாடிக் கோப்புகள் இருந்த இடத்துக்கு 'சிஸ்டம்32' என்று பெயர். 64 பிட் வந்தபோது மாற்றியிருக்கலாம். ஆனால் எண்ணற்ற புரோகிராம்கள் அந்தப் பெயரைக் கல்வெட்டாக உள்ளே செதுக்கி வைத்திருந்தன. ஆகவே 64 பிட் சரக்கை 'சிஸ்டம்32'-லேயே குடிவைத்தார்கள். 32 பிட் சரக்கு போன இடத்தின் பெயர் 'சிஸ்வாவ்64'. ஆமாம், நேர் தலைகீழ். அதோடு விட்டார்களா? பழைய 32 பிட் புரோகிராம் வந்து 'சிஸ்டம்32 எங்கே?' என்று கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் கையைப் பிடித்துச் 'சிஸ்வாவ்64'-க்கு அழைத்துப்போய் இதுதான் அது என்று சாதித்துவிடும்.

யூனிக்ஸ் கதை இதைவிடக் கஞ்சத்தனம். கோப்பை உருவாக்கும் சிஸ்டம் அழைப்புக்கு 'கிரியேட்' என்று வைக்கப்போய், ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி 'ஈ'-யை விட்டுவிட்டார்கள். மறுபடி யூனிக்ஸ் எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கென் தாம்ப்சனைக் கேட்டபோது, அந்த 'ஈ'-யைச் சேர்ப்பேன் என்றாராம். உலகமே ஓடும் ஒரு இயங்குதளத்தில் அவருக்கு இருந்த குறை அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு குறை இருக்கிறது. யூனிகோடில் நம் 'ஃ' எழுத்தின் அதிகாரபூர்வப் பெயர் 'தமிழ் சைன் விசர்கா'. ஆய்தத்துக்கு விசர்க்க வேஷம். வைத்த பெயரைத் திருத்தக் கூடாது என்பது யூனிகோடின் உறுதிமொழி. அதனால் ஓரத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பைப் போட்டு சமாதானம் செய்துவிட்டார்கள்.

அப்படியானால் உருப்படியாகப் பெயர் வைத்தவரே இல்லையா? ஒகேனக்கல்லுக்கு வைத்தவர் இருக்கிறார். கன்னடத்தில் புகைகிற கல். காவிரி பாறையில் மோதித் திவலை புகையாக எழுவதைக் கண்டார், கண்டதைச் சொன்னார். அரசன் பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை, பதிப்பு எண் இல்லை. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எத்தனை பிரிவினை வந்தாலும் அந்தப் பெயருக்குச் சேதமில்லை. ஒரு பொருள் என்ன செய்கிறதோ அதைச் சொன்ன பெயர், ஆட்சி மாறினாலும் பிழைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சொல்லியும், உங்கள் கோப்புக்கு 'நியூ' என்று பெயர் வைக்கக் கை அரித்தால், தருமபுரியில் பஸ் ஏறித் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போங்கள். 'புது பஸ் ஸ்டாண்டு' என்று கண்டக்டர் கத்துமிடத்தில் இறங்கி, அதில் எது புதுசு என்று அவரிடமே கேளுங்கள். மீதியை அவர் ரிவியூ செய்வார்.