சுயநினைவு இருக்கும்போதே வாரும் மாப்ளே

உயில் எழுதினா ஆயுசு குறையும்னு சொன்னீராமே மாப்ளே! ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதாதீரும். கோவில்பட்டி கோர்ட்டுல எத்தனை வக்கீல்மாரு கருப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து நிக்காவ! அவுகளுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா. உம்ம வீடு ஒண்ணு போதும், ரெண்டு தலைமுறைக்கு வாய்தா ஓடும்.

"எனக்கப்புறம் எல்லாம் அவளுக்குத்தான"ன்னு ஒரு நெனப்பு உமக்கு. உயில் இல்லாம போய்ச் சேர்ந்தீருன்னா, 1956 இந்து வாரிசுச் சட்டப்படி உம்ம சம்பாத்தியத்துல பொண்டாட்டிக்கு எவ்வளவோ அவ்வளவுதான் மகனுக்கும் மகளுக்கும். உம்ம ஆத்தாளுக்கும் சரிபங்கு உண்டும். எங்க அக்காவைச் சாமானியமா நெனச்சிராதீரும், இன்னைக்கும் முறுக்கை நொறுக்குதா. மாமியா பங்கு எதுவரைக்கும், மருமக பங்கு எதுவரைக்கும்னு அடுப்படியை அளக்க சர்வேயர்தான் வரணும்.

சாவுகூடப் பரவால்ல வேய், அதுக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்துருவான். சாகாம படுத்துக்கிட்டா? கீழத்தெருவுல ஒருத்தரு, பேரு எதுக்கு, வாதம் அடிச்சுக் கட்டில்ல கெடந்தாரு. மகன்மாரு பத்திரத்தைத் தயார் பண்ணிச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைச்சாவ. அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. பெருவிரல்ல மை தடவியாச்சு. அதிகாரி இளைய மகனைக் காட்டி, "இது யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டாரு. பெரியவரு நல்லா உத்துப் பாத்து, "நம்ம செவலை"ன்னாரு. செவலை, அவரு எந்தக் காலத்துலயோ எட்டயபுரம் சந்தையில வித்த மாடு. அதிகாரி பேனாவை மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. அப்பன் கைவிரலைத் துடைச்சு விடுற வேலைதான் மகன்மாருக்கு மிஞ்சுச்சு.

"மகனுக்குப் பவர் குடுத்திருக்கேன்லா"ங்கீரு. குடும், நல்லதுதான். ஆனா நம்ம நாட்டுல பவருங்கிறது உம்ம புத்தி தெளிவா இருக்கிற வரைக்கும்தான். 1872-ல வெள்ளக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டம். புத்தி பேதலிச்சா பவரும் கூடவே போயிரும். மழைக்கு மட்டும் விரியாத குடை. பெறவு, கார்டியனா என்னைப் போடுங்கன்னு ஹைகோர்ட்டு வாசல்ல நிக்கணும். கோமாவுல கெடந்த புருஷன் சொத்தை விக்க, 2024-ல ஒரு பொம்பளை சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனா. சிவில் கோர்ட்டுக்குப் போன்னு முதல்ல திருப்பி விட்டு, அப்பீல்லதான் அனுமதி கெடச்சுது. ஆஸ்பத்திரி பில்லு அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?

பேங்கு கணக்கை உம்ம பேருலயும் பொண்டாட்டி பேருலயும் மாத்தும், யாரு கையெழுத்துப் போட்டாலும் எடுக்கிற மாதிரி. தேறாத நோயில மெஷினை மாட்டணுமா வேண்டாமான்னுகூட முன்னாலயே எழுதி வைக்கலாமாம். சுப்ரீம் கோர்ட்டு 2018-ல ஒத்துக்கிட்டு, 2023-ல அதை லேசாக்கிருச்சு: ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். உம்ம மச்சினன்மாரு ஐ.சி.யூ. வாசல்ல மல்லுக்கட்டுறது மிச்சமாகும்.

இதெல்லாம் எதுக்குன்னு ஒரே போடா மகனுக்கு செட்டில்மெண்டு எழுதிராதீரும். உயிலை நெனச்ச நேரம் மாத்தலாம். செட்டில்மெண்டை நீரா ரத்து பண்ண முடியாது. எழுதித்தான் தீருவேன்னா, கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்தணும்கிற நிபந்தனை பத்திரத்துலயே இருக்கட்டும். ஊத்தலைன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டிக் கோட்டாட்சியர்கிட்ட நிக்க அதுதான் பிடி. மருமக முகம் கோணுமேன்னு யோசிக்கீரோ? கோணட்டும், பசிக்கப்போறது உம்ம வயித்துக்குத்தான.

வக்கீலுக்கு அழ மனசு வரலியோ? பேத்தி சடங்குக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனரு வச்சு, அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீரே, அந்தக் காசுல பாதி குடும். உயிலுக்கு ஸ்டாம்பு பேப்பர்கூட வேண்டாம். பதியணும்னு கட்டாயமும் இல்ல, ஆனாலும் பதிஞ்சு வச்சிரும். சாட்சி ரெண்டு பேரும் உமக்கு இளையவனா இருக்கட்டும். பங்கு வாங்குறவனைச் சாட்சியாப் போட்டு வில்லங்கத்தை இழுக்காதீரும்.

வியாழக்கிழமை நானும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போறேன், பழைய உயிலை மாத்த. அதுல சாட்சி போட்ட ரெண்டு பயலும் எனக்கு முந்திப் போய்ச் சேந்துட்டானுவ. புதுசுல உம்ம பேரும் வருது மாப்ளே.

அடடா, மொகத்துல என்ன வெளிச்சம்! சாட்சியாத்தான் வேய்.