பணிவில் சீனியாரிட்டி: ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு

உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று என்று கணக்கிட்ட சைவ சித்தாந்தம், அவற்றில் ஆணவத்துக்கு முதலிடம் கொடுத்திருக்கிறது. கன்மமும் மாயையும் பின்னால் வந்து ஒட்டியவை. ஆணவம் உயிருக்கு உடன்பிறப்பு, தொடக்கமே இல்லாதது. முதலிடம் கிடைத்ததில் அதற்கு மகிழ்ச்சி ஏற்பட்டதா என்பது பற்றி நூல்கள் பேசவில்லை. முக்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே ஒடுங்கும் என்பது சித்தாந்திகளின் முடிவு. ஆகவே "என் அகந்தை போயே போச்சு" என்று அறிவிக்கும் அன்பர் அடக்கத்தில் மட்டுமல்ல, சாத்திரத்திலும் தவறுகிறார். முதல் தவற்றை மன்னிக்கலாம்.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இந்த மலத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்குமே தவிர, தான் இருப்பதையாவது காட்டிக்கொள்ளும்; ஆணவம் அதையும் காட்டாது என்பது அவர் கண்டது. களப்பணிக்குப் போகும் ஆய்வாளனுக்கு இது பெரிய இடைஞ்சல். நம் வீட்டில் எவ்வளவு துழாவினாலும் அகப்படாத பொருள், பக்கத்து வீட்டில் வாசலிலேயே தெரிகிறது. இக்கட்டுரையின் தரவுகள் முழுவதும் பிறரிடமிருந்து திரட்டப்பட்டதற்கு இதுவே காரணம்.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவது ஆணவத்தின் ஆரம்பப் பாடம். அதைக் கேலி செய்து பலரும் ஓய்ந்துவிட்டார்கள். மேல்வகுப்பில் இருப்பவர் 'பெயர் வெளியிட விரும்பாத அன்பர்'. கும்பாபிஷேகப் பத்திரிகையில் இந்தத் தொடர் அச்சான மறுநாளே ஊரில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கும். யாராவது ஒருவர் விட்டுப்போயிருந்தால் அன்பரே நேரில் போய், "என் பேரைப் போட வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிட்டேன்" என்று தெரிவிப்பார்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களிடையே முதலாளி, தொழிலாளி வேறுபாடு கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் சாமி. இது உயர்ந்த ஏற்பாடு, கேலிக்கு உரியதன்று. ஆனால் சமத்துவம் நிலவும் இடத்தில் ஆணவம் வேலையில்லாமல் திண்டாடும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் வருடம் போகிறவர் கன்னிச்சாமி. 18ஆம் வருடம் போகிறவர் தென்னங்கன்றோடு மலையேறுவார். எனவே இரண்டு சாமிகள் சந்தித்தால் "சாமி சரணம்" சொன்ன கையோடு வரும் கேள்வி, "சாமிக்கு இது எத்தனாவது மலை?" கேட்பவருக்குப் பதிலில் அக்கறை இல்லை. தம்மையும் திருப்பிக் கேட்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

விபஸ்ஸனா தியானத்தின் 10 நாள் முகாமில் கடைசி நாள் காலை வரை பேசக் கூடாது. போய் வந்தவரோடு ரயிலில் எதிர் இருக்கையில் பயணம் செய்தால், மௌனத்தைப் பற்றி இவ்வளவு பேசலாமா என்ற வியப்பு உண்டாகும்.

மேல்நாட்டார் இந்த ஆன்மிக ஆணவத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஜெர்மானிய உளவியலாளர் யோகன் கெபவரும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 93 யோகா மாணவர்களை 15 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். யோகம் செய்த கையோடு கேட்டபோது, 'நான் மற்றவரைவிட ஒரு படி மேல்' என்ற எண்ணம் கூடியிருந்தது. தியானம் செய்வோர் 162 பேரிடமும் ஏறக்குறைய இதே கதை. நெதர்லாந்தில் ஆன்மிக மேட்டிமையை அளக்கத் தனி அளவுகோலே தயாராகி, 2021இல் வெளிவந்தது. உமாபதி சிவாசாரியார் கேள்வித்தாள் எதுவும் விநியோகிக்காமலேயே வேலையை முடித்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தனிமனிதரிடம் இவ்வளவு என்றால், கூட்டமாகச் சேரும்போது விளைச்சல் இன்னும் அதிகம். காஞ்சி வரதராஜப் பெருமாள் சன்னிதியில் ஓதும் உரிமை வடகலையாருக்கா தென்கலையாருக்கா என்ற வழக்கு, ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றப் படி ஏறி இந்த நூற்றாண்டிலும் இறங்கவில்லை. வாதியும் அடியேன், பிரதிவாதியும் அடியேன். இரண்டு அடியேன்களில் முன்னால் நிற்கவேண்டிய அடியேன் யார் என்று சொல்ல ஒரு மை லார்ட் தேவைப்படுகிறார்.

சாதகர் என்ன செய்வது? அகந்தையை ஒழித்துக்கட்டக் கிளம்ப வேண்டாம். கிளம்புகிறவர் யார் என்று திருவண்ணாமலையில் ரமணர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கே பதில் நிலுவையில் இருக்கிறது. அகந்தை இன்று எங்கே தங்கியிருந்தது என்று விசாரித்து வைத்தால் போதும். சத்சங்கத்தில் வழக்கமாக நாம் உட்காரும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்த அன்று, உபன்யாசம் எவ்வளவு நேரம் காதில் விழவில்லை? தீபாராதனைத் தட்டு நம்மைத் தாண்டிப் போனபோது மனம் எந்தப் பெருமானிடம் இருந்தது? குறித்துக்கொள்ளலாம். குறிப்பை யாரிடமும் காட்டக் கூடாது. காட்டினால் அதுவும் உபயக் கணக்கில் சேரும்.

இத்துறையின் தலைசிறந்த பரிசோதனை 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாக மரபு சொல்கிறது. அருணந்தி, சகலாகம பண்டிதர் என்று பேர்பெற்றவர். தம் மாணாக்கர்கள் மெய்கண்டார் என்ற சிறுவரிடம் பாடம் கேட்கப் போவது தெரிந்து, கோபமாகக் கிளம்பிப் போனார். அங்கே ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "ஆணவத்தின் சொரூபம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார் பண்டிதர். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான். அருணந்தி காலில் விழுந்தார். பிற்காலத்தில் சிவஞான சித்தியார் பாடினார்.

இந்தக் கதையை எந்தச் சபையில் சொன்னாலும் எடுபடுகிறது. சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் கண் கலங்கி அருகில் வந்து, "இதை எங்க மச்சினர் அவசியம் கேட்டிருக்கணும், சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.