மிதவைக்கு வாய் உண்டு

நடுக்கடலில் நிற்கும் அரசு மிதவைக்குக் கொடுப்பினை அதிகம். காற்றின் வேகம், அலையின் உயரம், நீரின் வெப்பம் என்று எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லிவிடும். 2017-ல் அதன் பக்கமாகப் பத்துப் பேரோடு போன குமரி மாவட்டத்துத் தூத்தூர் விசைப்படகுக்கு அந்த வாய் கிடையாது. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் கைபேசி செத்துவிடும். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிடலாம். அந்தப் படகுக்கும் ஒன்றும் தெரியாது.

மிதவையும் நம் வரிப்பணம், மீனவரும் வரி கட்டுகிறவர். அதை விடுங்கள், லாபத்தைப் பார்ப்போம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது. எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் எல்லாம் மீன் இறங்குதளப் பலகையில் வந்துவிடும். நல்ல வேலை, விஞ்ஞானிகளைக் குறை சொல்ல நாக்கு வராது. இதனால் நாட்டுக்கு ஆண்டுக்கு 34,000 முதல் 50,000 கோடி ரூபாய் வரை ஆதாயம் என்று என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. 2017-ன் ஒக்கிப் புயலுக்குப் பல ஆண்டுகள் முன்பே போட்ட கணக்கு. மையத்தை நடத்தும் அமைச்சகத்துக்கு அந்த எண்மேல் தனிப் பாசம். அதில் ஒரு துளியைக் கிள்ளி, படகுக்கு ஒரு கருவி வாங்கித் தர மட்டும் அப்போது மனம் வரவில்லை.

2017 நவம்பர் 29 காலை இலங்கையை ஒட்டித் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை அது ஒக்கிப் புயல். கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்ததாம். யாருக்கு? தூத்தூரை ஒட்டிய சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். போய்ப் பத்து நாளானவனிடம் போகாதே என்று சொல்ல ஒரு துறை, அதைச் சொல்லியாயிற்று என்று கோப்பில் எழுத இன்னொரு துறை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று ஊரே திரண்டு குழித்துறையில் ரயிலை மறித்த பிறகுதான், கடலில் ஆள் இருக்கும் விஷயமே பலருக்கு உறைத்தது.

பிறகு ஞானம் வந்தது. 2019-ல் ஜெமினி என்றொரு கருவி. கரையில் இருப்பவர் அனுப்புவதைப் படகில் இருப்பவர் படிக்கலாம், பதில் சொல்ல முடியாது. அரசு பேசும், மீனவர் கேட்பார். ஆள்பவர்களின் ஆட்சிமுறையை இவ்வளவு கச்சிதமாக வேறு எந்தப் பொறியாளரும் வடிவமைத்ததில்லை.

படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய கருவியை ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகத் தரும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சட்டம். ஒக்கியோடு காணாமல்போன அரசின் அக்கறை, அந்தக் கெடு முடிய மூன்று மாதம் இருக்கையில் உயிரோடு கரை சேர்ந்துவிட்டது. இழப்பீட்டுக்காகப் பிணம் தேடிய பெண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுத்த புயலுக்கும் ‘தகவல் கொடுத்தோம்’ என்று அறிக்கை வரும். எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில், கரையிலிருந்து எத்தனை கடல்மைல் தள்ளி இருந்தவருக்கு என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த ஆதாயக் கோடிக்கணக்கை நம்பாதீர்கள்.