கம்பெனிக்காரன் மனசு நோகாம லேப்டாப்பை ரிப்பேருக்குக் குடுப்பது எப்படி

வா மருமவனே, உக்காரு. லேப்டாப்பு படுத்துட்டுன்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. திரை பூராவும் பச்சையும் சிவப்புமா கோடு வருதாக்கும்? எங்க காலத்துல கோடு விழுந்த படம் பாக்கணும்னா மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பணும். உனக்கு மடியிலயே வந்துட்டு. குடுத்து வச்சவம்லே நீ.

மாமனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நினைக்காத. வால்வு ரேடியோவுல இருந்து டயனோரா டிவி வரைக்கும் சங்கரன்கோவில் பஜார்ல ஈயப்புகை குடிச்சு வளந்த நெஞ்சு இது. சாமான் சின்னதாப் போச்சே தவிர சங்கதி அதே ஈயம்தான். அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ. கம்பெனிக்காரன் பாவம், அவன் மனசு நோகக் கூடாது. அவனுக்குப் புடிச்ச மாதிரி ஒரு வாடிக்கைக்காரனா எப்படி இருக்கதுன்னு சொல்லித் தாரேன்.

கோடு வந்ததும் பதறவே கூடாது. இன்னிக்கு வரும், நாளைக்குத் தன்னால மறைஞ்சிரும். "சரியாயிட்டு"ன்னு சந்தோசமா மூடி வச்சிரு. படம் எடுக்காத, தேதி குறிக்காத, யாருகிட்டயும் மூச்சு விடாத. இப்படியே வாரண்டி முடியுத வரைக்கும் பொறுத்திருந்தேன்னா, உன்னைய மாதிரி ஒரு தங்கமான புள்ளைய அவன் எங்க தேடுவான்?

ஏன் மறைஞ்சு மறைஞ்சு வருதுன்னு கேப்ப. அந்த கிராபிக்ஸ் சிப்பு இருக்குல்லா, அதுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத ஈயப்பொட்டு நூத்துக்கணக்குல இருக்கு. சிலிக்கான் துண்டையும் அது உக்காந்திருக்க பலகையையும் அதுதான் சேத்துப் புடிச்சிருக்கு. வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லன் பட்டை கட்டுததைப் பாத்திருக்கியா? இரும்பு காஞ்சா விரியும், தண்ணி ஊத்துனா சுருங்கி மரத்தைக் கவ்வும், மரம் அந்த அளவுக்கு அசையாது. இங்கயும் அதே கூத்துதான். நீ விளையாட்டைப் போட்டா சிப்பு காயும், மூடி வச்சா ஆறும். சிலிக்கான் ஒரு அளவுக்கு விரியும், பலகை வேற அளவுக்கு விரியும். நடுவுல மாட்டுன ஈயப்பொட்டு ரெண்டு பக்கமும் இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் விரிசல் விட்டுரும். விரிசல் விட்டதும் உடனே சாவாது. சூட்டுல ஒட்டும், ஆறினா விடும். அதான் வருது, போவுது.

இது உன் மிஷினுக்கு மட்டும் வந்த நோக்காடுன்னு நினைச்சு அழாத. அமெரிக்காவுல பெரிய பெரிய சீமான் வீட்டுக்கெல்லாம் வந்த நோக்காடு. 2008 ஜூலை 2-ம் தேதி என்விடியாங்கிற சிப்பு கம்பெனி ஒரு சேதி சொல்லிச்சு. பழைய தலைமுறை லேப்டாப்பு சிப்புகள்ல சிலது வழக்கத்துக்கு மேல சாவுது, வாரண்டி, ரிப்பேரு செலவுக்குன்னு 15 கோடியில இருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கி வைக்கோம்னு. யாருகிட்ட சொன்னான்? பங்கு வச்சிருந்தவங்ககிட்ட. எந்தெந்தச் சிப்புன்னு பேரு சொன்னானா? அது எதுக்கு, வாங்கினவன் வீணா கவலைப்படுவாம்லா! பங்குக்காரன் மறுநாளே வித்துட்டு ஓடினான், ஒரே நாள்ல விலை ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கிட்டு. லேப்டாப்பு வச்சிருந்தவன் எங்க ஓட?

அந்தச் சேதியில இன்னொரு வரி இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. மூல காரணம் இன்னும் புடிபடலையாம். சிப்பு கட்டுன சாமான் கொஞ்சம் பலவீனம், லேப்டாப்பு செஞ்சவன் சூட்டைத் தணிச்ச லட்சணமும் காரணமா இருக்கலாம், வாங்கினவங்க பயன்படுத்துத விதமும் காரணமா இருக்கலாமாம். பயன்படுத்துத விதம்னா என்னலே? காலையில ஆன் பண்ணுததும் ராத்திரி ஆஃப் பண்ணுததும்தான? இனிமே லேப்டாப்பு வாங்கினா பெட்டியைப் பிரிக்காத. ஆயுசுக்கும் உழைக்கும்.

லேப்டாப்பு வித்தவங்க கதை அதைவிட ரசமா இருக்கும். ஹெச்பிக்காரன் அதுக்கு முன்னாலயே, 2007 நவம்பர்ல, சில பெவிலியன் மாடல்களுக்கு வாரண்டியை நீட்டிட்டான். டெல்காரன் 2008-ல ஒரு வருசம் கூட்டிக் குடுத்தான். அதோட பயாஸை மாத்தச் சொன்னான், மாத்தினா ஃபேன் முன்னைவிட அதிகமாச் சுத்தும். சூடு கூடுததும் குறையுததும் மட்டுப்பட்டா சிப்பு கொஞ்சம் தாங்கும்லா, நியாயந்தான். ஆனா ஈயத்துல ஏற்கனவே விட்ட விரிசலை ஃபேன் ஒட்ட வைக்குமா? சாவு கொஞ்சம் தள்ளிப் போவும், அம்புட்டுத்தான். தள்ளிப் போயி வாரண்டிக்கு அந்தப் பக்கம் விழுந்தா யாருக்கு லாபம்னு அப்பவே சில பேரு கேட்டாங்க. மாமன் அப்படியெல்லாம் பொல்லாத கேள்வி கேக்க மாட்டேன்.

ஆப்பிளுக்கு நடந்ததைக் கேளு. உங்க மிஷினுக்கு ஒண்ணும் இல்லன்னு என்விடியாக்காரன் அவங்ககிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கான். ஆப்பிளே அந்த வருசம் அக்டோபர்ல, "அவன் அப்படித்தான் சொன்னான், நாங்க தனியா விசாரிச்சுப் பாத்தோம், 8600எம் ஜிடி சிப்பு வச்ச மேக்புக் ப்ரோ சிலதுல கோளாறு இருக்கு"ன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டு. வாங்கி ரெண்டு வருசத்துக்குள்ள செத்தா வாரண்டி இல்லாட்டியும் இலவசமாச் செஞ்சு தாரோம்னான். பொறவு அந்த ரெண்டு மூணாச்சு, மூணு நாலாச்சு. அம்புட்டுப் பெரிய கம்பெனியவே ஒரு வார்த்தை சொல்லி உக்கார வச்சிருக்கான்னா, சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர்ல உன்னைய உக்கார வைக்க எம்புட்டு நேரம் ஆவும்?

இப்ப நீ செய்யக் கூடாததைச் சொல்லுதேன், ஏன்னா அதைத்தான் நீ முதல்ல செய்வ. யாரோ ஒருத்தன் மதர்போர்டைக் கழத்தி ஓவன்ல வச்சு சுட்டு, உயிர் வந்துட்டுன்னு காட்டுவான். உயிர் வரும். பொய் இல்ல. சூட்டுல விரிசல் வாய் தற்காலிகமா ஒட்டும். சில வாரம் ஓடும், பொறவு பழைய கோடு. மெட்ராஸ் ரிச்சி தெருவுல சிப்பைத் தூக்கி அடியில புது ஈயக்குண்டு வச்சு ஒட்டித் தாரேம்பான், ரீபால்னு பேரு. கெட்டிக்காரப் பயலுவதான், நான் குறை சொல்லல. ஆனா அவன் மாத்துதது பலகைக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்க ஈயம். அந்த என்விடியா சிப்புல நோவு இருந்தது அதுக்கு மேல, சிலிக்கானுக்கும் பலகைக்கும் நடுவுல. அங்க எந்தக் கைக்காரனும் எட்ட முடியாது. மேல இருந்த விரிசல், கீழ காட்டுன சூட்டுல ஒட்டிக்கிட்டு. பேரு என்னமோ ரீபாலுக்கு! உள்ள கோளாறுன்னா நல்ல சிப்பையே புதுசா வைக்கணும், இல்ல போர்டையே மாத்தணும். நீ ஒரு தடவை சுட்டுட்டுப் போனேன்னா சர்வீஸ் சென்டர்காரன் திறந்து பாத்ததும் அவன் மனசு எப்படிக் குளிரும் தெரியுமா? "யாரோ கை வச்சிருக்கான்"னு ஒத்தை வரி எழுதுவான், உன் வாரண்டி அங்கயே கழிஞ்சிரும்.

சரி, அவன் மனசு கொஞ்சம் நோகட்டும்னு உனக்குத் தோணுதா? அப்பக் கிட்ட வா, மெல்லச் சொல்லுதேன்.

வெளி மானிட்டர் ஒண்ணை மாட்டிப் பாரு. அதுல சுத்தமா இருந்து உன் திரையில மட்டும் கோடு வந்தா பேனலோ கேபிளோதான், சிப்பு மேல பழி போடாத. ரெண்டுலயும் வந்தா சிப்புப் பக்கம்தான் சந்தேகம். பொறவு ஆன் பண்ணினதும் வருதே கம்பெனி லோகோ, அந்தத் திரையைப் பாரு. விண்டோஸ் இன்னும் எழும்பவே இல்ல, அங்கயே கோடு இருந்தா டிரைவர் மேல பழி போட வழியே இல்ல. அதைக் கண்டிப்பா வீடியோ எடு. ஏன்னா அவன் முதல்ல சொல்லப்போறது "விண்டோஸை மாத்திப் போட்டுப் பாருங்க சார்". அந்த வீடியோவைக் காட்டு, முகம் எப்படிப் போவுதுன்னு பாரு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெஸ்ட் ஓட்டி ஃபெயில்னு வந்தாத்தான் இலவசம்பான். டெஸ்ட் ஓட்ட மிஷின் உயிரோட இருக்கணும். முழுசாச் செத்ததுல டெஸ்ட் ஓடாது, ஓடலைன்னா ஃபெயில்னு வராது. ஃபெயில் இல்லைன்னா மிஷின் நல்லா இருக்குன்னு கணக்கு! செத்தவனே நேர்ல வந்து சாவு சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போடணுங்கான் பாத்துக்கோ. அதனால கோடு வந்து போயிட்டு இருக்கும்போதே தூக்கிட்டுப் போ, மூச்சு நிக்க வரைக்கும் காத்திருக்காத.

குடுக்கும்போது ஜாப் ஷீட்டுல "டிஸ்ப்ளே பிரச்சினை"ன்னு பொத்தாம்பொதுவா எழுத விடாத. எந்தத் திரையில, எப்ப, எப்படிக் கோடுன்னு எழுதச் சொல்லு. நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுக் குடு, இல்லாட்டி தண்ணி ஊத்திட்டீங்கன்னு ஒரு புதுக்கதை முளைக்கும். உன் படம், பாட்டு, காதல் கடிதாசி எல்லாத்தையும் முதல்ல வேற எடத்துல காப்பி எடுத்து வச்சிரு. போனுல பேசினியா? பேசி முடிச்ச கையோட "இன்னிக்கு இன்னது சொன்னீங்க"ன்னு ஒரு மெயில் போடு. வாயில சொன்னது காத்துல போவும், மெயிலு நிக்கும். மாத்திப் போட்ட போர்டுக்கு எம்புட்டு நாள் வாரண்டின்னு கேட்டு எழுதி வாங்கு.

முக்கியமா, உன்னைய மாதிரி கோடு புடிச்ச மத்த ஆளுகளைத் தேடு. தனியாப் போனா "நீங்கதான் சார் முதல்ல சொல்லுதீங்க"ம்பான். கூட்டமாப் போனா என்ன ஆவும்னு கேளு. 2011-ல வந்த மேக்புக் ப்ரோ, 15 அங்குலமும் 17 அங்குலமும், உள்ள ஏஎம்டி ரேடியான் சிப்பு. திரை கலங்குது, தானா அணைஞ்சு எழும்புதுன்னு வருசக்கணக்காக் கத்தினாங்க. ஆப்பிள்காரன் காசு வாங்கிட்டு போர்டு மாத்திக் குடுத்தான், மாத்தின போர்டும் செத்துது. 2014 அக்டோபர்ல கலிபோர்னியாவுல எல்லாரும் சேந்து வழக்குப் போட்டாங்க. 2015 பிப்ரவரியில ஆப்பிள், இலவசமாச் செய்யுதோம், முன்ன காசு குடுத்தவங்களுக்குத் திருப்பித் தாரோம்னு அறிவிச்சுது. நாலு மாசத்துல ஞானோதயம்! அதுக்கு வழக்கு எதுவும் காரணமா இருக்காது மருமவனே, நல்ல மனசுதான்.

ஆனா கூட்டமாப் போனாலும் ரொம்ப ஆசைப்படாத. என்விடியா மேல போட்ட கூட்டு வழக்கு 2010 டிசம்பர்ல முடிஞ்சுது. டெல், ஆப்பிள் வச்சிருந்தவங்களுக்கு ரிப்பேரு. ஹெச்பி வச்சிருந்தவங்களுக்கு "அதுக்கு ஈடான" வேற லேப்டாப்பு, காம்பேக்ல விலை குறைஞ்ச மாடல் ஒண்ணு. திரையைத் திருப்பி எழுதுத டேப்லெட் மாடலுக்குப் பெரிய காசு குடுத்தவனுக்கும் அதேதான். ஈடே இல்லன்னு கோர்ட்டுல ஆட்சேபிச்சுப் பாத்தாங்க, நடக்கல. அதுவும் கேட்டு வாங்கினவனுக்குத்தான், 2011 மார்ச் நடுவுல கெடு முடிஞ்சுது. பில்லைத் தேடிக்கிட்டு இருந்தவன் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பான்.

நம்ம ஊருல அம்புட்டு தூரம் போவண்டாம். 1915-னு ஒரு நம்பர், தேசிய நுகர்வோர் உதவி எண், முதல்ல அங்க சொல்லு. அதுலயும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீ குடியிருக்க ஊருலயே போடலாம், கம்பெனி ஆபீஸ் பெங்களூருல இருந்தா இருந்துட்டுப் போவுது. 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சே ஆவணும்னும் இல்ல. பிரச்சினை வந்து 2 வருசத்துக்குள்ள போடணும், அதை மட்டும் மறந்துராத. இதைக் கவுன்ட்டர்ல கத்திச் சொல்லாத, சிரிச்சுக்கிட்டே மெதுவாச் சொல்லு. கத்துறவனை அவன் தினம் பாக்கான், சட்டம் தெரிஞ்சு சிரிக்கவனைத்தான் மேனேஜர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போவான்.

பில்லு காணலைன்னு தலையைச் சொறியாத. எங்கக்காகிட்ட கேளு. உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னால வாங்கின சைக்கிளு ரசீதையே அவ இன்னும் பீரோவுல வச்சிருக்கா, உன் லேப்டாப்பு பில்லையா தொலைச்சிருக்கப் போறா?